பாவோடு மடங்குமா என்று கேளுங்கள்

கேள்வி: ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன், ஐயா. என் தாத்தா சென்னிமலையில் நாற்பது வருஷம் போர்வை நெய்தவர். வீட்டில் குழித்தறி இன்னும் இருக்கிறது. ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஒரு வருஷமாகப் பள்ளிகளிலும், கோவை, சென்னையில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் நெசவுப் பயிலரங்கு நடத்துகிறேன். இதுவரை அட்டைத் தறியும் ஆணி அடித்த மரச்சட்டமும்தான். வருகிறவர்கள் “நிஜத் தறி எங்கே?” என்று கேட்கிறார்கள். மேஜைமேல் வைக்கிற, தூக்கிக்கொண்டு போகிற தறி வாங்க ₹1,20,000 சேர்த்திருக்கிறேன். வெளிநாட்டு எட்டு விழுதுத் தறி (விழுது என்றால் இழைகளைக் கண்ணில் கோத்துத் தூக்குகிற சட்டம்), மடங்குகிறது, ஒன்றே ஒன்று எல்லாச் செலவும் சேர்ந்து ஒரு லட்சத்தை ஒட்டி வருகிறது. உள்ளூர்த் தச்சர் ஒருவர் நாலு விழுதுத் தறியை 24 அங்குல அகலத்தில் ₹18,000-க்குச் செய்து தருகிறேன் என்கிறார். ரிஜிட் ஹெடில் என்கிற சின்னத் தறி ₹5,500. ஒரு வகுப்புக்குப் பத்துப் பேர், மூன்று மணி நேரம். சின்ன கார் இருக்கிறது, சென்னைக்கு மட்டும் ரயில். எதை வாங்குவது? தாத்தாவிடம் படத்தைக் காட்டினால் “இது பொம்மை” என்று சிரிக்கிறார்.

பதில்:

தாத்தா சொன்னதில் பாதி சரி. மேஜைத் தறியில் மிதி கிடையாது. கால் செய்கிற வேலையும் கைக்கே வந்துவிடும். ஒரு லிவரை இறக்க வேண்டும், குறுக்கு நூல் சுற்றிய நாடாவை அனுப்ப வேண்டும், பலகையை இழுத்து அடிக்க வேண்டும், அந்த லிவரை விட்டு அடுத்ததை இறக்க வேண்டும். குழித்தறியில் பழகியவருக்கு இது காலைக் கட்டிப்போட்டு நடக்கச் சொன்ன மாதிரிதான் இருக்கும். அடியிலும் கனம் இருக்காது. பவானி ஜமக்காளத்தில் குறுக்கே ஓடுகிற ஊடை, நீளவாக்கில் கட்டிய பாவையே மூடிக்கொண்டு உட்காருகிறதே, அதற்குப் பாவு கம்பி மாதிரி விறைத்து நிற்க வேண்டும், பலகை கனமாக விழ வேண்டும். மேஜைத் தறியில் அப்படி அடித்தால் தறி மேஜையை விட்டுக் கீழே போகும். போர்வைக்கான அகலத்துக்கும் இதில் வழியில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்களிடம் வருகிறவர் போர்வை நெய்ய வரவில்லை. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான அகலம், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம். அவ்வளவு துணியைத் தன் கையால் நெய்து, தறியிலிருந்து வெட்டி, குஞ்சம் முடிந்து வீட்டுக்கு எடுத்துப் போனால் அவருக்குத் திருப்தி. அதற்கு இந்தப் பொம்மை தாராளமாகப் போதும்.

உங்கள் கடிதத்தில் விலை இருக்கிறது, விழுது எண்ணிக்கை இருக்கிறது, அகலம் இருக்கிறது. பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நெசவாளி வீட்டுப் பெண் நீங்கள், உங்களுக்குத் தெரியாததில்லை: நெய்வது கடைசி வேலை. பாவு இழைகளை அளந்து ஓட்டி, சுற்றி, ஒவ்வோர் இழையாக விழுதில் கோத்து, சீப்பு மாதிரிப் பல் வைத்த அச்சில் இழுத்து, முன்னால் கட்டி முடிப்பதற்குள் பாதி உயிர் போய்விடும். குழித்தறியில் ஒரு பாவு போட்டால் நாள் கணக்கில் நெய்யலாம், அதனால் அந்த உழைப்பு கட்டுப்படியாகிறது. உங்கள் வகுப்போ மூன்று மணி நேரம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏழரை அங்குல அகலம், அங்குலத்துக்கு 20 இழை என்றால் 150 இழை. புதிதாக வருகிறவர் நிமிஷத்துக்கு இரண்டு இழை கோப்பார். அதிலும் நடுவில் ஒன்றைத் தவறான கண்ணில் விட்டுவிட்டு, இருபது இழை தாண்டிய பிறகு “மேடம், இது தப்பா?” என்று கேட்பார். விழுதுக்கு ஒன்றேகால் மணி நேரம், அச்சுக்கு அரை மணி நேரம், கட்டி இழுவையைச் சமன் செய்ய அரை மணி நேரம். இடையில் டீ வரும். நாடாவைக் கையில் எடுக்கும்போது அவருடைய வண்டி வாசலில் நிற்கும். இது ஒரு தறிக்கு. பத்துத் தறிக்கு நீங்கள் ஒருவரே பத்துப் பக்கமும் ஓட வேண்டும்.

அதனால் பயிலரங்குத் தறி எதுவானாலும் பாவு ஏறியிருக்கிற நிலையிலேயே வகுப்புக்குப் போக வேண்டும், பாவு ஏறியிருக்கிற நிலையிலேயே திரும்பி வர வேண்டும். தறி மடங்குகிறதா என்று எல்லோரும் கேட்பார்கள். பாவோடு மடங்குகிறதா என்று நீங்கள் கேளுங்கள். பாவை அறுத்தால்தான் மடங்கும் என்றால் அது உங்களுக்குத் தறியே இல்லை, அலமாரியில் வைக்கிற சாமான்.

பாவு தீர்ந்தால் என்ன செய்வது? இதற்கு விடை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. உங்கள் தாத்தா ஒவ்வொரு பாவுக்கும் விழுது கோத்திருக்க மாட்டார். அச்சு பிணைத்திருப்பார். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலைப் பாவில் நாலாயிரத்துக்கும் மேல் இழை இருக்கும். அதை ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கோத்துக்கொண்டிருந்தால் யாரும் சேலை கட்ட முடியாது. பழைய பாவின் நுனியை விழுதிலும் அச்சிலும் அப்படியே விட்டுவைத்து, புதுப் பாவின் இழையை அதோடு ஒவ்வொன்றாக முறுக்கி இணைத்துவிடுவார்கள். நான் முதன்முதலில் அதைப் பார்த்தபோது பிணைக்கிற அம்மாவின் கையைத்தான் பார்த்தேன், பாவைப் பார்க்கவில்லை. விரலில் சாம்பல் தொட்டு, இடது கையில் ஒரு பழைய இழை, வலது கையில் ஒரு புது இழை, கட்டைவிரலால் ஒரு உருட்டு, ஒரு திருப்பு. அடுத்தது. பேச்சு நிற்கவில்லை, பார்வைகூடச் சில சமயம் எங்கள் பக்கம்தான் இருந்தது.

மேஜைத் தறியிலும் இதே வேலையைச் செய்யலாம், யாரும் தடுக்கவில்லை. பருத்தியில் முறுக்கிப் பிணைக்கப் பழக்கம் வேண்டும். உங்களுக்குச் சாதாரண முடிச்சே போதும். 150 முடிச்சு, கை பழகினால் ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும். முடிச்சுகளை மெதுவாக விழுதுக் கண் வழியாகவும் அச்சு வழியாகவும் இழுத்து முன்னால் கொண்டுவந்துவிட்டால் வேலை முடிந்தது. ஒரு தறிக்கு வாழ்நாளில் ஒரு தடவை விழுது கோத்தால் போதும் என்றுகூடச் சொல்லலாம். இதை வகுப்புக்கு முந்தின நாள் இரவு டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். தாத்தாவிடம் கொடுத்தால் நீங்கள் டிவி மட்டும் பார்க்கலாம்.

ஒரு தடவைக்கு ஐந்து மீட்டர் பாவு போடுங்கள். முன்னும் பின்னும் வீணாகிற நுனி 60 சென்டிமீட்டர் போனாலும், ஆளுக்கு 40 சென்டிமீட்டர் துணி, குஞ்சத்துக்கும் மறுபடி கட்டுவதற்கும் கொஞ்சம், நெசவில் சுருங்குவதற்குக் கொஞ்சம் என்று 60 வைத்தால் ஒரு பாவில் ஏழு பேர் நெய்துவிடலாம். நூலுக்கு 2/10 வாங்குங்கள், பத்தாம் நம்பர் நூல் இரண்டைச் சேர்த்து முறுக்கியது. 2/40, 80 என்று மெல்லிய நூல் வேண்டவே வேண்டாம், புதுக் கண்ணுக்கு அது தெரியாது, அறுந்தால் கட்டவும் வராது. பழைய கணக்கில் ஒரு சிட்டம், அதாவது ஒரு நூல் கட்டு, 840 கெஜம், அதாவது 768 மீட்டர். 150 இழை, ஐந்து மீட்டர் என்றால் 750. ஒரு பாவுக்கு ஒரு சிட்டம், அளந்து வைத்த மாதிரி. ஆனால் அளந்து வைத்த மாதிரி இருக்கிறதே என்று ஒன்றே ஒன்று வாங்கிவிடாதீர்கள்.

இனி தறிகளுக்கு வருவோம். வெளிநாட்டுத் தறிகளில் பாவோடு மடங்குகிறவை உண்டு, நன்றாகவே இருக்கும். நியூசிலாந்தின் ஆஷ்ஃபோர்டு செய்கிற கேட்டி எட்டு விழுது, 30 சென்டிமீட்டர் நெசவு அகலம். நெதர்லாந்தின் லூவெட் செய்கிற ஜேன் எட்டு விழுது, 40, 70 சென்டிமீட்டர் என்று இரண்டு அகலத்தில் வருகிறது. கனடாவின் கியூபெக்கில் 1876-லிருந்து தறி செய்கிற லெக்லெர்க்கிடமும் வாயேஜர் என்று ஒன்று இருக்கிறது, பேரிலேயே பிரயாணம். வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. நெசவு வடிவமைப்பை முழுநேரமாகப் படிக்கிறவர் ஒருவர் வந்து கேட்டிருந்தால், கடன் வாங்கியாவது வாங்கு என்றிருப்பேன்.

உங்களுக்கு வேண்டாம் என்கிறேன். நாலு விழுதில் இழைகளைப் பிரித்துத் தூக்க 14 வழி உண்டு, எட்டு விழுதில் 254 வழி. கேட்க நன்றாக இருக்கிறது. ஒன்று மேலே ஒன்று கீழே என்று போகிற ஒற்றை நெசவுக்கு வேண்டியது இரண்டு வழி, சாய்வுக் கோடு விழுகிற ட்வில்லுக்கு நாலு. மூன்று மணி நேரத்தில் ஒருவர் அதற்கு மேல் போவதை நான் பார்த்ததில்லை. மீதி 250 வழிக்கு நீங்கள் எண்பதாயிரம் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். தவிர, பத்துப் பேருக்கு ஒரு தறி என்றால் ஒருவர் நெய்ய ஒன்பது பேர் போட்டோ எடுப்பார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, இதை விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள். இந்தத் தறிகள் பலவும் கம்பளி நெய்கிற நாடுகளில் பிறந்தவை. கம்பளி இழை இழுத்தால் கொஞ்சம் நீளும், விட்டால் திரும்பும். விழுதைத் தூக்கும்போது பாவு பிரிந்து வாய் திறக்கிறதே, அந்தக் கூடுதல் நீளத்தை இழையே கொடுத்துவிடும். பருத்தி கொடுக்காது. தறியின் முன்கட்டைக்கும் பின்கட்டைக்கும் இடையே தூரம் குறையக் குறைய, பருத்திப் பாவில் வாய் திறக்க மறுக்கும். திறந்தாலும் சில இழை தொங்கும், சில இழை சுண்டிக்கொண்டு நிற்கும், நாடா நடுவழியில் இழைக்குள் புகுந்து வெளியே வரும். அடக்கமாக மடங்குகிற தறி என்றாலே இந்தத் தூரத்தில்தான் கை வைத்திருப்பார்கள். எந்தத் தறியையும் கம்பளி ஏற்றிக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் 2/10 பருத்தியைக் கொண்டுபோய் ஏற்றி, ஒரு விழுதை மட்டும் தூக்கிப் பாருங்கள். பிறகு மூன்றைத் தூக்கிப் பாருங்கள். இரண்டிலும் நாலு விரல் சேர்த்து உள்ளே போக வேண்டும். விட்டதும் விழுது தானாகக் கீழே இறங்க வேண்டும், தட்டி இறக்கும்படி இருக்கக் கூடாது.

சரி, தச்சர். அவரிடம் வாங்குங்கள், ஆனால் அவர் சொல்கிற 24 அங்குலம் வேண்டாம். 15 அங்குலம் போதும். அகலத்தைக் குறைத்து, அந்த மரத்தை நீளத்தில் போடச் சொல்லுங்கள், முன்கட்டைக்கும் பின்கட்டைக்கும் இடையே இரண்டரை அடியாவது இருக்கட்டும். பின்பாதியைக் கீல் வைத்து மேலே மடிக்கும்படி செய்யலாம், பாவு சுற்றிய உருளை மடங்கும்போது கூடவே வந்துவிடும். மாமரம் மலிவு என்பார், வேண்டாம், பூச்சி அரித்துவிடும். தேக்கு நல்லதுதான், தூக்குகிறவருக்குத்தான் தெரியும் அதன் பாரம். பதப்படுத்திய ரப்பர் மரம் நடுவாந்தரம். முடிந்தபின் எதிரெதிர் மூலைகளைப் பிடித்துத் திருகிப் பாருங்கள். கட்டில் மாதிரி ஆடினால் திருப்பிக் கொடுங்கள். அந்த ஆட்டம் துணியில் கோணலாக வந்து நிற்கும்.

உருளையில் இருக்கிற பல்சக்கரத்தில் மட்டும் காசு பார்க்கவே கூடாது. இதில் நான் பட்டது போதும். பல வருஷத்துக்கு முன்னால் பார்க்க லட்சணமாக இருக்கிறதே என்று ஒரு மடக்குத் தறி வாங்கினேன். பல்சக்கரமும் மரம், அதைப் பிடிக்கிற நாக்கும் மரம். ஒரு பள்ளியில் முதல் நாள், சுற்றிலும் பிள்ளைகள், ஒரு பையன் பலகையை ஆசையாக இழுத்து அடித்தான். டக்கென்று ஒரு சத்தம். நாக்கின் முனை மழுங்கி, பல்லை விட்டு வழுக்கி, உருளை கிறுகிறுவென்று சுற்றி, நான் இரவெல்லாம் சமன் செய்த பாவு முழுதும் ஊஞ்சல் கயிறு மாதிரி தொங்கிவிட்டது. அந்தப் பையன் முகம் செத்துப்போனது. நான் கழுத்தில் இருந்த துண்டை எடுத்து உருளையைச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டி, மீதி வகுப்பை அந்தத் துண்டை நம்பியே ஓட்டினேன். அன்றிலிருந்து இரும்புப் பல்சக்கரம், இரும்பு நாக்கு, வேறு பேச்சில்லை. பற்கள் நெருக்கமாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு பல் நகர்த்தினால் பாவு கொஞ்சமாக இறுக வேண்டும், ஒரே தாவலில் முறுக்கிக்கொள்ளக் கூடாது.

விழுதுக்கு நூல் விழுதோ பாலியெஸ்டர் விழுதோ கேளுங்கள். கம்பி விழுது கனம், காரில் வரும் வழியெல்லாம் கலகலக்கும். அச்சு துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். சென்னைக் காற்றுக்குச் சாதாரண எஃகு ஒரு மழைக்காலம் தாங்காது, வெள்ளைப் பாவில் பழுப்புக் கோடு விழும்.

இப்போது ரிஜிட் ஹெடில். பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, விஷயம் எளிது. அச்சும் விழுதும் ஒரே பலகை. அதில் ஒரு துளை, ஒரு நீளப் பிளவு, மறுபடி ஒரு துளை, இப்படியே போகும். துளையில் கோத்த இழை பலகையோடு ஏறி இறங்கும், பிளவில் இருக்கிற இழை இருந்த இடத்தில் இருக்கும். பலகையை மேல் படியில் வைத்தால் ஒரு வாய் திறக்கும், கீழே வைத்தால் இன்னொன்று. லிவர் இல்லை, மிதி இல்லை. பத்து வயசுப் பிள்ளை ஐந்து நிமிஷத்தில் புரிந்துகொள்ளும். ஊடு, பாவு என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்குவதை விட இந்தப் பலகையை ஒரு தடவை தூக்கிக் காட்டினால் போதும். 10 அங்குலத் தறியை ஒரு கையில் தூக்கலாம்.

குறை இருக்கிறது. பலகையில் அங்குலத்துக்குப் பத்து, பன்னிரண்டரை என்று இழை எண்ணிக்கை குறைவு. 2/10 நூலை ஒற்றையாகப் போட்டால் துணி கொசுவலை மாதிரி வரும். இரண்டு இழையைச் சேர்த்து ஒன்றாக ஓட்டுங்கள், பன்னிரண்டரைப் பலகையில் அழகாக உட்காரும். பாவை மூன்று மீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சின்ன உருளை அதற்கு மேல் தாங்காது. நாலு பேர் நெய்யலாம். தீர்ந்தால் இதிலும் முடிச்சுப் போட்டுப் பிணைக்கலாம், அதே சங்கதிதான்.

ஆக என் கணக்கு: ரிஜிட் ஹெடில் எட்டு, ₹44,000. தச்சரின் நாலு விழுதுத் தறி இரண்டு, ₹36,000. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் சொல்லாதீர்கள். ஒன்றைச் செய்யச் சொல்லி, ஐந்து மீட்டர் பாவு முழுதையும் நீங்களே நெய்து தீர்த்து, தாத்தாவையும் உட்கார வைத்து, என்னென்ன பிசகு என்று எழுதிக்கொண்ட பிறகு இரண்டாவது. மீதி நாற்பதாயிரத்தில் பாவு ஓட்டுகிற ஆணிப் பலகை, நூல், மாற்று அச்சு ஒன்று, மேஜையில் இறுக்குகிற கிளாம்புகள். பதினைந்தாயிரத்தைத் தொடவே தொடாதீர்கள். முதல் வருஷத்தில் எதாவது உடையும்.

வகுப்பில் ஆளுக்கொரு தறி என்று பத்தையும் பங்கு போட வேண்டாம். எட்டுப் பேர் சின்னத் தறியில் அவரவர் துணியை நெய்யட்டும். இரண்டு பேர் நாலு விழுதுத் தறிக்கு வந்து கால் மணி நேரம் ட்வில் நெய்துவிட்டுப் போகட்டும், அடுத்த இரண்டு பேர் வரட்டும். இவர்கள் எழுந்து வந்த சின்னத் தறியில், முதலில் உட்கார்ந்திருந்த இருவர் போய்த் தங்கள் துணியைத் தொடங்கலாம், அதிலும் பாவு ஏறித்தான் இருக்கிறது. நாலு விழுதில் நெய்தது எல்லோரும் சேர்ந்து நெய்த ஒரே துணி. ஒவ்வொருவர் அடியும் அதில் வேறு வேறாகத் தெரியும். ஓரம் உள்ளே இழுத்து உடுக்கை மாதிரி இடை ஒடுங்கியிருந்தால் அது பயந்து நெய்தவர். ஊடையை நேராக இழுத்து அடிக்காமல் சாய்வாகப் போட்டு அடிக்கச் சொல்லுங்கள், பாதிப் பேருக்கு ஓரம் சரியாகிவிடும்.

கொண்டுபோகிற முறைக்கு வருகிறேன். மடிக்கும் முன் பாவை ஒரு பல் தளர்த்துங்கள். விழுதுகளை ஒரு குச்சி செருகி ஒன்றாகக் கட்டுங்கள், பலகையைத் துணியால் சட்டத்தோடு கட்டுங்கள். பாவு சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் கெட்டியான தாள் வையுங்கள், போன வருஷத்து மாதக் காலண்டர் அருமையாக இருக்கும். தாள் இல்லாமல் சுற்றினால் ஓர இழைகள் கீழே வழுகி இறங்கி, அடுத்த நாள் பாவில் இரண்டு ஓரமும் தொளதொளவென்று நிற்கும். ரயிலில் தறியைப் படுக்கைக்கு அடியில் தள்ளாதீர்கள், லிவர் போய்விடும். மேலே வையுங்கள்.

மேஜை உயரத்தை முன்கூட்டியே விசாரியுங்கள். சாதாரண மேஜை இரண்டரை அடி இருக்கும், அதன்மேல் தறி ஏறினால் உட்கார்ந்திருப்பவர் தோளைத் தூக்கிக்கொண்டே நெய்ய வேண்டும், ஒரு மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். முழங்கை மட்டத்துக்குத் துணி வர வேண்டும். தாழ்ந்த மேஜை கிடைக்கவில்லையென்றால் நின்றுகொண்டே நெய்யச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். பழைய யோகா பாயை நறுக்கித் தறிக்கு அடியில் போட்டால் நகராது.

எடையே உங்கள் பெரிய கவலை என்றால், நம் நாட்டிலேயே அதைவிட லேசான தறி ஒன்று இருக்கிறது. நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம் பக்கம் பெண்கள் நெய்கிற இடுப்புத் தறி. நாலைந்து குச்சி, இடுப்பில் ஒரு பட்டை, எதிரே ஒரு தூண். உடம்பே சட்டம். பின்னால் சாய்ந்தால் பாவு இறுகும், முன்னால் வந்தால் தளரும். சுருட்டிக் கைப்பையில் வைக்கலாம். நூற்பதற்கு எரவாடா ராட்டை என்று பெட்டிக்குள் மடங்குகிற ராட்டையே வந்துவிட்டது, காந்தி சிறையில் இருந்தபோது உருவானது. ஆனால் நாற்காலியில் பழகிய நம் ஊர் இடுப்புக்குத் தரையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் சாய்வது கஷ்டம். ஒன்றே ஒன்று கட்டிவைத்து, விருப்பமானவர் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்க்கட்டும். பாவின் இழுவை என்றால் என்ன என்று அந்தப் பத்து நிமிஷத்தில் உடம்புக்கே புரிந்துவிடும்.

ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். 2015-ல் சென்னையில்தான் முதன்முதலாகக் கொண்டாடினார்கள். அந்த வாரம் பள்ளிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கூப்பிடும், அதனால் தச்சரிடம் இப்போதே முன்பணம் கொடுங்கள். அதற்கு முன் ஒரு நாள் சேலத்துக்குப் போய் வரலாம், இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் அங்கே இருக்கிறது. காஞ்சிபுரத்திலும் சென்னையிலும் நெசவாளர் சேவை மையங்கள் உண்டு. முன்னதாகவே கடிதம் எழுதி அனுமதி கேட்டுவிட்டு, தச்சரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாதிரித் துணி நெய்கிற சின்னத் தறி ஒன்றை அவர் கண்ணால் பார்த்து, டேப் வைத்து அளந்துவிட்டால் நான் இங்கே எழுதியதில் பாதி தேவையில்லை. எட்டு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் உங்கள் அட்டைத் தறியே இருக்கட்டும்.

கடைசியாக, அச்சு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுக் கையேடுகளில் 10 என்று போட்டிருந்தால் ஒரு அங்குலத்தில் பத்துப் பல் என்று அர்த்தம். நம் ஊர் அச்சுக்கடையில் எண் ஸ்டாக்போர்ட் கணக்கு, இரண்டு அங்குலத்தில் எத்தனை பல் என்பதுதான் அந்த எண். அங்குலத்துக்குப் பத்துப் பல், பல்லுக்கு இரண்டு இழை, மொத்தம் 20 இழை வேண்டுமென்றால் 20-ஆம் நம்பர் கேளுங்கள். கையேட்டைப் பார்த்து 10 என்று கேட்டு வாங்கிவந்து, துணி சல்லடையாக வந்த பிறகு எனக்குத் தொலைபேசியில் அழைத்தவர்கள் இதுவரை மூன்று பேர்.